பீடான் தீவில் சுக்கானைப் பிடித்தது யார்

அருளு,

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பாவுக்குத் தோள்பட்டை இப்படி ஆயிடுச்சும்மா. இனிமே அவர் இல்லாம அந்தப் படகை யாரு ஓட்டப் போறா? சும்மா தண்ணியில கிடந்து கெட்டுப் போகுது. ஜுருவில என் கஸ்டமர் ஒருத்தர் கேக்குறாரு, கொடுத்துடுவோம் லா" என்றாய். மழை வருது, துணி எடுக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு ஜெலுத்தோங்கில் ஒரு சொட்டு மழை இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் வேறு பேச்சுக்குத் தாவினேன். பதில் தெரியாமல் இல்லை, ரொம்ப நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், நான்கு வருடமாக நான் சொல்லிக்கொண்டு வரும் ஒரு பொய்யை முதலில் எடுத்து வெளியே போட வேண்டும். குரல் செய்தியாக அனுப்பினால் நீ பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டிக்கொண்டே இரட்டை வேகத்தில் கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

படகு நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த நேரம். நான் வழக்கம்போல வீட்டில் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும், கிழிந்த பாய்த்துணியை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவளும் புருஷனும் பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்கள், பாலத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்தார்கள். அந்தத் துணி நம் ஹாலுக்குள் அடங்கவில்லை. சோபாவை நகர்த்தி, கதவைத் திறந்து, பாதித் துணியை ஃபிளாட் நடைபாதையில் விரித்துத் தைத்தேன். தைத்த பாய் காற்றில் எப்படி நிற்கிறதென்று பார்க்க வா என்று கூப்பிட்டாள். போனேன். என் தையல் காற்றை அப்படியே வாங்கி அந்தப் படகைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இத்தனை வருடத்தில் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அவர்கள் இங்கே இருந்த எட்டு மாதமும் வாரத்தில் இரண்டு நாள் அவளோடு கடலுக்குப் போனேன். சுக்கான் பிடிக்க, பாயைச் சுருக்க, மேகத்தைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் மாறும் என்று சொல்ல, எல்லாம் அந்த எட்டு மாதத்தில் வந்தது. அப்பா அப்போது பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலையில் இருந்தார். அவருக்குக் கடலுக்கு வர ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

பிறகு அப்பா வேலையை விட்டார். ஒரு பட்டறைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த 'மெலாத்தி'யை வாங்கினோம். இருபத்தேழு அடிப் படகு. இஞ்சினை அப்பா பிரித்து மாட்டினார், பாயை நான் தைத்தேன். உனக்குத் தெரிந்தது இங்கிருந்துதான். தெரிந்தவர்கள் எல்லாரும் அப்பாவை 'கப்தென்' என்றார்கள். நானும் திருத்தவில்லை. இஞ்சினைத் தெரிந்தவருக்குக் கடலும் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்பாவும் மெல்ல அப்படியே நினைக்க ஆரம்பித்தார்.

இந்தப் பழக்கம் எனக்குப் படகில் வந்தது இல்லை. உனக்கு ஏழு வயது இருக்கும்போது ஹாலில் ஃபேன் நின்றுபோனது. நான் நாற்காலி மேல் ஏறிக் கழற்றிச் சரிசெய்து ஓடவிட்டேன். நீ கீழே நின்று கை தட்டினாய். அப்புறம் நான் அதை நிறுத்திவிட்டு, "அப்பா வந்து பாக்கட்டும்" என்றேன். "அதான் ஓடுதே?" என்று கேட்டாய். உன் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தேன். சாயங்காலம் அப்பா வந்து சுவிட்சைத் தட்டினார், ஃபேன் ஓடியது. "அப்பா கை வச்சாலே ஓடுது பாரு" என்றேன். நீ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாய். அதை நல்ல குணம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். என் அம்மா, பெரியம்மா, கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் எல்லாரும் இப்படித்தான் இருந்தார்கள். குடும்பம் நடத்துவது என்றால் இதுதான் என்று நம்பினேன்.

இப்போது பீடானுக்கு வருகிறேன். நீ நூறு தடவை கேட்ட கதை. லங்காவியிலிருந்து நானும் அப்பாவும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மத்தியானம் பீடான் தீவை நெருங்கினோம். கிழக்கிலிருந்து லேசான காற்று, அதனால் தீவின் மேற்குப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கே நங்கூரம் போட்டுச் சமைக்கலாம் என்றார் அப்பா. எனக்கு மேற்கே சுமத்ரா பக்கம் ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. "என்னங்க, அது இங்கதான் வருது. காத்து திரும்பிச்சுன்னா நமக்குப் பின்னால பாறைதான். சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவோம், இல்லேன்னா நடுக்கடல்லயே நிப்போம்" என்றேன். "வந்தா பாத்துக்கலாம் லா, குளம் மாதிரி இருக்கு பாரு" என்றார். எனக்கு நிச்சயமாகத் தெரியும், அருளு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அரிசி கழுவப் போனேன். அன்றைய தப்பு அப்பாவுடையது என்று நினைக்காதே. அவருக்குத் தெரியவில்லை, தெரியாமல் சொன்னார். தெரிந்தவள் சும்மா இருந்தேன்.

சோறு கொதிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. ஒரே அடியில் மேற்கிலிருந்து. மழை குறுக்கே அடித்தது. குளமாய்க் கிடந்த தண்ணீர் எழும்பி எங்களைப் பாறைப் பக்கம் தள்ளியது. நங்கூரம் பிடிக்காமல் இழுபட ஆரம்பித்தது. அப்பா இஞ்சினைப் போட்டார். பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகின் கயிறு தளர்ந்து, படகின் அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றிக்கொள்ள, இஞ்சின் ஒரு முனகலோடு நின்றது. நங்கூரத்தைப் பார்க்க அப்பா முன்பக்கம் போனார். பாய்மரம் வரைக்கும்தான் போனார். அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து முகத்தை அதில் பதித்துக்கொண்டு நின்றுவிட்டார். கூப்பிட்டேன். கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே இருந்தது. பின்னால் பாறையில் அலை உடையும் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் செய்ய வேண்டியது வரிசையாக மனதில் நின்றது. பெரிய பாயைப் பாதிக்கு மேல் சுருக்கி ஏற்ற வேண்டும். அதன் கயிறு பாய்மரத்தில் இருக்கிறது, மரத்தை அப்பா பிடித்திருக்கிறார். அவருடைய இரண்டு கைக்கும் நடுவே என் கையை விட்டுக் கயிற்றை இழுத்தேன். அவர் தோளில் காலை ஊன்றி இழுத்தேன் என்பதுகூட உண்மைதான், மன்னித்துவிட்டார். பாய் ஏறியது. முன்பாயைக் கைக்குட்டை அளவு விரித்து எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டினேன். படகு மூக்கைத் தெற்கே திருப்பியது. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு, தையல் பெட்டியில் இருந்த பெரிய கத்தரிக்கோலோடு முன்பக்கம் தவழ்ந்து போனேன். நங்கூரக் கயிறு கம்பி மாதிரி விறைத்து நின்றது. இரண்டு வெட்டில் போய்விட்டது. திரும்பித் தவழ்ந்து வந்து சுக்கானைப் பிடித்தேன். தீவின் தெற்கு முனையை நாங்கள் தாண்டியபோது பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் தனித்தனியாகத் தெரிந்தன. தாண்டினோம். ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. அப்பா வந்து என் எதிரே உட்கார்ந்தார். அரைவேக்காட்டுச் சோற்றை எடுத்துவந்து எனக்கு ஊட்டினார். என் விரல் மடங்க மாட்டேன் என்றது.

பொழுது சாய்வதற்குள் பினாங்கின் வடமேற்கு முனைக்கு வந்து, சின்ன நங்கூரத்தைப் போட்டு இரவைக் கழித்தோம். மறுநாள் விடிந்ததும், நான் எழுந்திருப்பதற்கு முன்னால், அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தார். காற்றாடியில் சுற்றிய கயிற்றை மூச்சை அடக்கி அடக்கி, முங்கி முங்கி, ஒரு மணி நேரம் அறுத்தார். சிப்பி கிழித்துக் கையெல்லாம் ரத்தம். முந்தின நாள் அப்படி நடுங்கியவர், அந்தக் கலங்கல் தண்ணீரில் தனியாக இறங்கினார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல இடமே இல்லாமல் போய்விட்டது. ஏனென்றால் ஜெலுத்தோங் படகுத்துறையில் மீன்பிடிக்கிற வயதான மலாய்க்காரர், நாம் பக்சிக் என்று கூப்பிடுகிறவர், என்ன ஆச்சு என்று கேட்டபோது, அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "இவர்தான் கொண்டுவந்து சேர்த்தாரு. இவர் இல்லேன்னா நான் இன்னைக்கு இல்ல" என்றேன். "கப்தென் ஹெபாட் லா!" என்று மெச்சி அவர் அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த காயத்தைப் பார்த்தார். அப்புறம் படகுக் கயிற்றைக் கட்டக் குனிந்தார்.

அந்தக் கதை அப்புறம் தன்னால் வளர்ந்தது. கிறிஸ்மஸுக்கு வந்தவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். அலை ஒவ்வொரு தடவையும் ஓர் அடி உயர்ந்தது. உன் கல்யாண விருந்தில், செபராங் ஜெயா மண்டபத்தில், நீ மைக்கை வாங்கி அந்தக் கதையைச் சொன்னாய். "எங்கப்பா மாதிரி நானும் ரெஜினாவை எந்தப் புயல்லயும் பாத்துக்குவேன்" என்றாய். முந்நூறு பேர் கை தட்டினார்கள். நீ திரும்பி அப்பாவைத் தேடினாய், அவர் நாற்காலியில் இல்லை. பாத்ரூம் போயிருக்கிறார் என்று நான் சைகை காட்டினேன். அவர் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க, புள்ள தேடுறான்" என்றேன்.

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"உங்க மரியாதைக்காகத்தான்."

"நான் கேட்டேனா?" என்றார். சத்தம் போடவில்லை. "நடந்தது நடந்ததுன்னு விட்டிருந்தா, பயந்துட்டேன்னு ஒரு நாள் சொல்லிச் சிரிச்சிருப்பேன். இப்போ எப்படிச் சொல்லுவேன்? என் மகன் மைக்ல சொல்றான்."

அதற்குப் பிறகு அவர் படகுப் பக்கம் வரவில்லை. முதுகு வலி என்றார், சளி என்றார். நிஜமாகவே தோள்பட்டை தேய்ந்தது பின்னால்தான். நானும் போகவில்லை. தனியாகப் பாயை ஏற்றிக்கொண்டு போனால், அன்றைக்கு ஓட்டியது யார் என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடுமே. வாரம் ஒருமுறை போய் அடித்தட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டு, பாசியைச் சுரண்டிவிட்டு வருவேன். இப்படியே இரண்டு வருடம் போனது. நான் அவருக்குப் போட்ட மாலை எங்கள் இரண்டு பேரையும் கரையிலேயே கட்டிப்போட்டது. 'படகு சும்மா கிடக்குது' என்று நீ சொன்னாயே, அது சும்மா கிடந்தது இதனால்தான்.

நீ அன்றைக்குப் போனை வைத்ததும் அப்பா சோபாவிலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

"மெலாத்தியை விக்கச் சொல்றான். நீங்க இல்லாம யாரு ஓட்டுவாங்கன்னு கேக்குறான்."

அப்பா சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் தோள் வலிக்குது வலிக்குது என்று பிடித்துக்கொண்டே சிரித்தார். கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பக்கத்து ஃபிளாட் அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நீ என்ன சொன்ன?"

"மழை வருதுன்னேன்."

"சொல்லிடு அவன்கிட்ட. போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாம போவோமா? நீ ஓட்டு. நான் சமைக்கிறேன், நங்கூரம் பாக்குறேன், இஞ்சின் என் பொறுப்பு. பயம் வந்தா வந்துடுச்சுன்னு சொல்லிடுவேன், மறைக்க மாட்டேன்" என்றார்.

போன வாரம் போனோம். உனக்குச் சொல்லவில்லை. இதுதான் உன்னிடம் நான் மறைக்கும் கடைசி விஷயம். நேரே பீடானுக்குத்தான். நான் சுக்கானில், அப்பா முன்னால். துறையில் அந்தப் பக்சிக் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் கை அசைத்தேன். பாதி வழியில் காற்று ஏறியது, பெரிதாக ஒன்றுமில்லை, படகு கொஞ்சம் சாய்ந்தது. அப்பா திரும்பி, "எனக்குப் பயமா இருக்கு" என்றார், ஏதோ பசிக்கிறது என்று சொல்வது மாதிரி. "சரி. அந்த முன்பாய்க் கயிறைக் கொஞ்சம் தளர்த்துங்க, வலி இல்லாத வலது கையால" என்றேன். பயத்தோடே எழுந்து போய்த் தளர்த்தினார். முடிச்சும் சரியாகப் போட்டார். இந்தத் தடவை தீவின் கிழக்குப் பக்கம் நங்கூரம் போட்டோம். அவர் சமைத்த மீன் குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது, அதையும் சொல்லிவிட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் என்னிடம் நெடுநேரம் பேசினார். ஃபேக்டரியில் ஒரு சின்னத் தீ விபத்தில் பயந்து வெளியே ஓடிப்போய் நின்றது, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கால் ஓடாமல் உட்கார்ந்துவிட்டது, எல்லாம் சொன்னார். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த எனக்கு எதுவுமே தெரியாது. கேட்க நான் எங்கே இடம் கொடுத்தேன்?

அதனால் உனக்கு நான் சொல்லக்கூடியது இதுதான், அருளு. ரெஜினா நன்றாகக் கார் ஓட்டுகிறாள், உன்னைவிட நன்றாகவே. பாலத்தில் குறுக்கே புகுகிற லாரியை அவள் உனக்கு முன்னாலேயே பார்த்துவிடுவதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் சொந்தக்காரர் வீட்டுக்கு வரும்போதெல்லாம், தூக்கம் கண்ணைக் கட்டினாலும், நீதான் ஓட்டி வருகிறாய். சாவியை அவளிடம் கொடு. வாசலில் யாராவது கேலி செய்தால் செய்யட்டும், அவர்களா உங்களோடு காரில் வருகிறார்கள்? ரெஜினாவுக்கும் ஒன்று சொல், நான் சொன்னதாகவே சொல்: தெரிந்ததைத் தெரியும் என்று சத்தமாகச் சொல்லட்டும். நான் செய்தது மாதிரி அரிசி கழுவப் போக வேண்டாம். உனக்குப் பயமாக இருந்தால் அவளிடம் சொல். நீ பயந்தவன் என்று அவள் நினைக்க மாட்டாள். சொல்லாமல் மறைத்தால்தான் உன்னை அவளுக்குத் தெரியாமல் போகும். மைக்கில் நீ சொன்ன கதைக்காக வெட்கப்படாதே, அந்தக் கதையை உனக்குக் கொடுத்தவள் நான். ஆனால் இனி யாராவது கேட்டால், நான் பாயை ஏற்றியதைச் சொல், மறுநாள் அப்பா கத்தியோடு தண்ணீரில் இறங்கியதையும் சொல். நடந்தது அதுதான், அதுவே போதுமான அளவுக்குப் பெரிய கதை.

படகை விற்கப்போவதில்லை. உன் கஸ்டமரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேள். வடகிழக்குக் காற்று நிலையாக வீசத் தொடங்கியதும் கிளம்புகிறோம். முதலில் லங்காவி. அங்கே குவா துறைமுகத்தில் பாஸ்போர்ட் வேலையை முடித்துவிட்டு, தாய்லாந்துப் பக்கம் இருக்கும் சின்னத் தீவுகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, அவசரமில்லாமல், இரண்டு மாதம். பாய் புதிதாகத் தைத்துவிட்டேன், மூன்று தையல் ஓட்டியிருக்கிறேன். பெரிய நங்கூரம் வாங்கியாயிற்று. ரப்பர் படகை இனி பின்னால் கட்டி இழுப்பதில்லை, மேலே தூக்கி வைத்துவிடுவோம். வானம் பிடிக்கவில்லை என்றால் புறப்பட மாட்டேன், எத்தனை நாள் ஆனாலும். அப்பாவுக்கு மாத்திரை டப்பாவில் அடுக்கியாகிவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று தினமும் சாயங்காலம் உனக்குத் தகவல் வரும். போகலாமா என்று உன்னிடம் கேட்கவில்லை, போகிறோம் என்று சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நான்கு நாள் லீவு போட்டு லங்காவிக்கு வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் கோபமில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, நேற்றுச் சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் சரி என்று சொல்லாமல் உனக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. கோப்பி ஆறியது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாய்மரத்தைக் கட்டிப்பிடித்த இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். அதை எடுத்துவிடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு விட்டுட்ட" என்றார்.

"என்னங்க?"

"நான் கண்ணையும் மூடிக்கிட்டேன். முகத்தை மரத்துல அழுத்தியிருந்தேன், உனக்குத் தெரிஞ்சிருக்காது. அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

அம்மா